சவுண்ட் கார்டை வைத்து ரேடியோ கேட்பது எப்படி நடக்கிறது?

ரேடியோவின் வேலையில் பெரும்பகுதியைக் கம்ப்யூட்டரில் ஓடும் சாஃப்ட்வேரே செய்தால் அது சாஃப்ட்வேர் ரேடியோ. அந்தப் பேச்சு வந்தாலே இரண்டு விதமான ஆட்கள் கிளம்பிவிடுவார்கள். ஒருவர், "ஒரு சாஃப்ட்வேரை இறக்கிப் போட்டால் போதும், கம்ப்யூட்டரே ரேடியோ ஆகிவிடும்" என்பார். இன்னொருவர், "சவுண்ட் கார்டு பாட்டு கேட்கத்தான், அதற்குள் ரேடியோ அலை எப்படிப் போகும்" என்று சிரிப்பார். முதலாமவரை நம்பி இறக்கிப் போட்டால் திரையில் வெறும் இரைச்சல்தான் தெரியும். இரண்டாமவரை நம்பினால் முயற்சியே நடக்காது. தேவைப்படுவது என்னவோ ஒரு சவுண்ட் கார்டு, கைக்குள் அடங்குகிற ஒரு சின்ன சர்க்யூட், கொஞ்சம் வயர், ஓர் இலவச சாஃப்ட்வேர், அவ்வளவுதான். இதில் எது எந்த வேலையைச் செய்கிறது என்பதில்தான் குழப்பம். பெருக்கல், கழித்தல் தெரிந்தால் போதும், மேலே படிக்கலாம்.

## சவுண்ட் கார்டுக்கு ஒலி என்றால் என்னவென்றே தெரியாது

மைக்கில் பேசும்போது காற்றின் அதிர்வு மைக்குக்குள்ளேயே வோல்டேஜாக மாறிவிடுகிறது. சவுண்ட் கார்டுக்கு வந்து சேர்வது வயரில் ஏறி இறங்குகிற அந்த வோல்டேஜ் மட்டுமே. அது பாட்டிலிருந்து வந்ததா, ஆண்டெனாவிலிருந்து வந்ததா என்று கார்டுக்குத் தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. வந்த வோல்டேஜை நொடிக்கு 48,000 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் ஓர் எண்ணாக்கிக் கம்ப்யூட்டரிடம் கொடுப்பதுதான் அதன் வேலை. அப்படி எடுக்கிற ஒவ்வோர் அளவும் ஒரு மாதிரி. நொடிக்கு எத்தனை மாதிரி என்பது மாதிரி வீதம். 44,100, 48,000, 96,000, 192,000 ஆகியவை வழக்கமான வீதங்கள். ஒவ்வொரு மாதிரியும் எவ்வளவு நுணுக்கமானது என்பதை பிட் கணக்கில் சொல்வார்கள். 16 பிட் என்றால் 65,536 படிகள். நல்ல கார்டுகளில் 24 பிட் கூட உண்டு.

ரேடியோ அலையும் ஆண்டெனாவைத் தொட்டதும் வயரில் ஏறி இறங்குகிற வோல்டேஜ் ஆகிவிடுகிறது. வித்தியாசமெல்லாம் வேகத்தில்தான். நொடிக்கு எத்தனை முறை ஏறி இறங்குகிறது என்பதுதான் அதிர்வெண், அதன் அலகு ஹெர்ட்ஸ். மனிதக் குரல் சில நூறு ஹெர்ட்ஸிலிருந்து சில ஆயிரம் ஹெர்ட்ஸ் வரை. பொழுதுபோக்குக்காக ரேடியோவில் பேசுகிற அமெச்சூர் ரேடியோக்காரர்கள் பயன்படுத்தும் 7 மெகாஹெர்ட்ஸ் பகுதியில் வோல்டேஜ் நொடிக்கு 70 லட்சம் முறை ஏறி இறங்கும். நொடிக்கு 48,000 முறை மட்டுமே அளக்கிற கருவிக்கு இது எப்படிப் பிடிபடும்?

## இருட்டில் சுற்றும் ஒரு ராட்டினம்

ஒரு பெரிய ராட்டினத்தை நினைத்துக்கொள்ளுங்கள். நல்ல இருட்டு, விளிம்பில் ஒரே ஒரு விளக்கு எரிகிறது. நீங்கள் நிற்கும் இடத்திலிருந்து ராட்டினத்தின் ஓரம்தான் தெரிகிறது, அதனால் வட்டம் கண்ணில் படாது; விளக்கு மேலும் கீழுமாகப் போய்வருவது மட்டும் தெரியும். அந்த ஏற்ற இறக்கத்தை நேரத்துக்கு எதிராக வரைந்தால் கிடைப்பதுதான் அலை. ஒரு சுற்றுக்கு ஓர் அலை.

இப்போது கண்ணால் பார்க்காமல் கேமராவால் படம் எடுக்கிறீர்கள். ஒரு சுற்றுக்குள் இரண்டுக்கு மேற்பட்ட படங்கள் கிடைத்தால், அவற்றை அடுக்கிப் பார்த்து ராட்டினத்தின் வேகத்தைச் சரியாகச் சொல்லிவிடலாம். அதற்குக் குறைந்தால் வம்பு. ராட்டினம் நிமிடத்துக்கு 100 சுற்று சுற்றுகிறது, நீங்கள் 99 படம்தான் எடுக்கிறீர்கள் என்றால், ஒவ்வொரு படத்திலும் விளக்கு முந்தைய இடத்திலிருந்து கொஞ்சமே நகர்ந்திருக்கும். எல்லாப் படங்களையும் ஓட்டிப் பார்த்தால் ராட்டினம் நிமிடத்துக்கு ஒரே ஒரு சுற்று சுற்றுவதுபோல் தோன்றும். வேகமான அலை இப்படி மெதுவான அலைபோல வேஷம் போடுவதுதான் ஏலியாசிங்.

சவுண்ட் கார்டு செய்பவர்கள் இதை விரோதியாகப் பார்க்கிறார்கள். பாட்டுக்குள் போலி அலை நுழைந்தால் காது பொறுக்காது. அதனால் மாதிரி வீதத்தில் பாதிக்கு மேல் உள்ள எதையும் வாசலிலேயே தடுக்க ஒரு ஃபில்டர் இருக்கும். ஃபில்டர் என்பது சில அதிர்வெண்களை விட்டு, மற்றவற்றைத் தடுக்கும் அமைப்பு.

இதுவரை வந்தது இவ்வளவுதான்: சவுண்ட் கார்டு ஒரு வோல்டேஜ் அளவி, 48,000 வீதத்தில் அளக்கிற கார்டுக்கு ஒரு வயரில் 24 கிலோஹெர்ட்ஸ் வரைதான் தெரியும், அதற்கு மேல் எதுவும் உள்ளே வராது.

## சர்க்யூட்டே இல்லாமல் கேட்கக்கூடிய ரேடியோ

24 கிலோஹெர்ட்ஸுக்குக் கீழே ரேடியோ எதுவும் இல்லை என்று நினைத்தால், இருக்கிறது. இவ்வளவு குறைந்த அதிர்வெண் அலைகள் கடல்நீருக்குள்ளும் ஓரளவு இறங்கும் என்பதால், மூழ்கியிருக்கும் நீர்மூழ்கிக் கப்பல்களுக்குச் செய்தி அனுப்பக் கடற்படைகள் இவற்றைப் பயன்படுத்துகின்றன. ஜெர்மனியில் டிஹெச்ஓ38 என்ற நிலையம் 23.4 கிலோஹெர்ட்ஸில் இயங்குகிறது. அமெரிக்காவின் கட்லர் நிலையம் சரியாக 24.0-இல், அதாவது 48,000 கார்டின் விளிம்பில் இருப்பதால், அதைப் பார்க்க 96,000 கார்டு வேண்டும். பத்துப் பதினைந்து மீட்டர் வயரை, அல்லது பல சுற்றுகள் சுற்றிய ஒரு பெரிய காயிலை, சவுண்ட் கார்டின் உள்ளீட்டில் இணைத்துவிட்டு ஸ்பெக்ட்ரம் லேப் போன்ற சாஃப்ட்வேரைத் திறந்தால், பரப்பெல்லைக்குள் இருக்கிற நிலையங்கள் திரையில் கோடு கோடாகத் தெரியும். செய்தி ரகசியக் குறியீட்டில் இருக்கும், புரியாது. ஆனால் சூரியனில் பெரிய வெடிப்பு நடக்கும்போது இந்தக் கோடுகளின் பலம் சட்டென்று மாறுவதை வைத்து அதைக் கண்டுபிடிக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

என் கணிப்பில் இந்தப் பகுதியிலேயே மிக அழகான நிலையம் ஸ்வீடனின் கிரிமெட்டோன்தான். 1924-இல் வேலைக்கு வந்தது, 17.2 கிலோஹெர்ட்ஸ். அங்கே அலையை உண்டாக்குவது எலக்ட்ரானிக்ஸ் கிடையாது, நிஜமாகவே சுற்றுகிற ஒரு ராட்சத ஜெனரேட்டர். 2004-இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் போன்ற சில விசேஷ நாட்களில் இன்னும் அதை ஓட்டி மோர்ஸில் செய்தி அனுப்புகிறார்கள், உலகம் பூராவும் சவுண்ட் கார்டும் வயருமாக ஆட்கள் காத்திருப்பார்கள்.

## 7 மெகாஹெர்ட்ஸை எப்படிக் கீழே இறக்குவது?

சரி, சிற்றலைக்கு வருவோம். 7 மெகாஹெர்ட்ஸை சவுண்ட் கார்டால் அளக்க முடியாது, எந்த சாஃப்ட்வேர் போட்டாலும் முடியாது. வராத எண்ணை வைத்துக் கணக்குப் போட முடியாதே. ஆக, கார்டுக்கு முன்னால் யாராவது அந்த அலையை 24 கிலோஹெர்ட்ஸுக்குள் இறக்கிக் கொடுக்க வேண்டும். சின்ன சர்க்யூட்டின் வேலை அதுதான்.

அதன் நெஞ்சில் இருப்பது மிக்சர். இரண்டு அலைகளை ஒன்றோடொன்று பெருக்கினால் அவற்றின் கூட்டலும் கழித்தலுமாக இரண்டு புதிய அதிர்வெண்கள் கிடைக்கும் என்பது பள்ளிக்கூடத்து முக்கோணவியல். அதைச் செய்கிற கருவிதான் மிக்சர். ஆண்டெனாவிலிருந்து வரும் அலை ஒன்று. இன்னொன்றை நாமே உண்டாக்குகிறோம், அதை உண்டாக்குகிற பகுதி ஆசிலேட்டர். நம் ஆசிலேட்டர் 7.050 மெகாஹெர்ட்ஸில் ஓடுகிறது, ஒரு நிலையம் 7.060-இல் பேசுகிறது என்றால் கழித்தல் 10 கிலோஹெர்ட்ஸ். அதை சவுண்ட் கார்டு சுலபமாக அளந்துவிடும். கூட்டல் 14.110 மெகாஹெர்ட்ஸ், அது நமக்கு வேண்டாம், ஃபில்டர் அதை விழுங்கிவிடும்.

ராட்டினத்தில் 100 சுற்றுக்கு 99 படம் எடுத்தபோது நடந்ததும் இதே கழித்தல்தான். கார்டுக்குள் விரோதியாக இருந்த ஏலியாசிங்கைக் கார்டுக்கு வெளியே கூலிக்கு வைத்துக்கொள்கிறோம்.

ஆனால் ஒரு சிக்கல். 7.040-இல் இன்னொருவர் பேசினால் அவருக்கும் நம் ஆசிலேட்டருக்கும் வித்தியாசம் அதே 10 கிலோஹெர்ட்ஸ். இரண்டு நிலையங்களும் ஒரே இடத்தில் வந்து ஒன்றின்மேல் ஒன்று விழும். இந்தத் தேவையில்லாத இரட்டைக்கு பிம்பம் என்று பெயர். ஒரே வயரில் வந்து கலந்துவிட்ட பிறகு எப்பேர்ப்பட்ட சாஃப்ட்வேராலும் இரண்டையும் பிரிக்க முடியாது.

## இரண்டு வயர் எதற்கு?

பெரும்பாலானவர்கள் இடறி விழுவது இங்கேதான், அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

நிமிடத்துக்கு 99 படம். ராட்டினம் 100 சுற்று சுற்றினால் விளக்கு மெதுவாக முன்னோக்கிச் சுற்றுவதுபோல் தோன்றும். 98 சுற்றுதான் என்றால் அதே மெதுவான வேகத்தில் பின்னோக்கிச் சுற்றுவதுபோல் தோன்றும். ஆனால் ஓரத்திலிருந்து பார்க்கிற உங்களுக்கு மேலும் கீழும் போவது மட்டும்தானே தெரிகிறது? முன்னோக்கியா பின்னோக்கியா என்று உங்களால் சொல்லவே முடியாது. 7.060-ஐயும் 7.040-ஐயும் பிரிக்க முடியாமல் போனதற்கு இதுதான் காரணம்.

இப்போது ராட்டினத்துக்கு நேர் மேலே ஒரு நண்பரை நிறுத்துங்கள். அவருக்கு விளக்கு இடமும் வலமுமாகப் போய்வருவது தெரியும். விளக்கு உச்சியில் இருக்கிறது என்று நீங்கள் சொல்கிறீர்கள், அடுத்த கணம் அது வலப்பக்கம் போகிறது என்று அவர் சொல்கிறார்: ஒரு திசை. இடப்பக்கம் போகிறது என்றால் எதிர்த்திசை. இரண்டு பேர் சொல்வதையும் சேர்த்தால் விளக்கு எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று எல்லாமே தெரிந்துவிடும்.

சர்க்யூட்டில் இந்த இரண்டு பார்வைகளுக்கு ஐ, க்யூ என்று பெயர். ஒன்று மற்றதைவிடக் கால் சுற்று, அதாவது 90 டிகிரி, தள்ளி எடுக்கப்பட்டது. ஐயின் நகல்தான் க்யூ என்று நினைப்பவர்கள் நிறைய. நகலாக இருந்தால் அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை. சவுண்ட் கார்டின் அதிர்ஷ்டம் என்னவென்றால், ஸ்டீரியோவுக்காக அதில் ஏற்கெனவே இரண்டு வழிகள் இருக்கின்றன, இரண்டும் ஒரே கடிகாரத்தில் ஒரே கணத்தில் அளக்கின்றன. ஐயை இடது வழியில், க்யூவை வலது வழியில் கொடுத்தால் முடிந்தது வேலை. இதனாலேயே ஒரே ஒரு வழி உள்ள யூஎஸ்பி அடாப்டர்கள் இரண்டை வாங்கி ஒப்பேற்றும் யோசனை பலிக்காது. இரண்டின் கடிகாரங்களும் ஒன்றாக ஓடாது.

இன்னொரு லாபமும் உண்டு. ஆசிலேட்டருக்கு மேலே 24, கீழே 24 என்று இரண்டு பக்கமும் தனித்தனியாகத் தெரிவதால், 48,000 கார்டில் 48 கிலோஹெர்ட்ஸ் அகலம் முழுவதும் கிடைக்கிறது. நம் உதாரணத்தில் 7.026 முதல் 7.074 மெகாஹெர்ட்ஸ் வரை ஒரே நேரத்தில் திரையில் இருக்கும்.

சுருக்கமாக: மிக்சர் அலையைக் கீழே இறக்குகிறது, ஐயும் க்யூவும் சேர்ந்து மேல்பக்கத்து நிலையத்தையும் கீழ்ப்பக்கத்து நிலையத்தையும் பிரிக்கின்றன, அதற்கு ஸ்டீரியோ உள்ளீடு கட்டாயம்.

## அந்தச் சின்ன சர்க்யூட்டுக்குள்

இதைக் கட்ட எத்தனையோ வழிகள் இருந்தாலும், குறைந்த செலவில் வேண்டுமென்றால் எல்லாரும் வந்து சேர்வது டெய்லோ மிக்சரிடம்தான். அமெரிக்க அமெச்சூர் ரேடியோக்காரர் டேன் டெய்லோ பிரபலப்படுத்தியதால் அந்தப் பெயர். அதில் இருப்பது ஒரு சுவிட்ச் ஐசி (சின்ன சிப்), வோல்டேஜைப் பிடித்து வைத்துக்கொள்ளும் நான்கு கெப்பாசிட்டர்கள். எஃப்எஸ்டி3253 என்ற ஐசி இதற்கு அதிகம் பயன்படுகிறது. டிஜிட்டல் வேலைக்காகச் செய்யப்பட்ட சாதாரண சுவிட்ச் அது. ஆசிலேட்டரின் ஒவ்வொரு சுற்றையும் நாலாகப் பிரித்து, முதல் கால் சுற்றில் ஆண்டெனாவை முதல் கெப்பாசிட்டரோடு சேர்க்கும், அடுத்த கால் சுற்றில் இரண்டாவதோடு, இப்படியே நாலாவது வரை போய் மறுபடி முதலிலிருந்து. ராட்டினத்தின் ஒவ்வொரு சுற்றிலும் மேல், வலம், கீழ், இடம் என்று நாலு படம் எடுத்து நாலு ஆல்பத்தில் போடுவதுபோலத்தான். ஒன்றாவதிலிருந்து மூன்றாவதைக் கழித்தால் ஐ, இரண்டாவதிலிருந்து நாலாவதைக் கழித்தால் க்யூ. கழித்து, கொஞ்சம் பலப்படுத்தி, சவுண்ட் கார்டுக்குத் தகுந்த அளவாக்கிக் கொடுப்பது ஆப்-ஆம்ப் என்ற ஐசி.

நாலு கால் சுற்றுகளும் சமமாக இருக்க, ஆசிலேட்டரை நாலு மடங்கு வேகத்தில் ஓட்டி, அதை ஒரு 74ஏசி74 ஐசியால் நாலால் வகுப்பது வழக்கம். 7.050 வேண்டுமென்றால் 28.2 மெகாஹெர்ட்ஸ். ஆசிலேட்டரில் ஒரே அதிர்வெண்ணில் துடிக்கிற கிரிஸ்டல் வைத்தால் அலைவரிசையில் ஒரே ஒரு துண்டுதான் தெரியும், ஆரம்பத்துக்கு அது போதும். நகர்த்த ஆசை வந்தால் எஸ்ஐ5351 போன்ற, கட்டளைக்கு ஏற்ப மாறுகிற ஆசிலேட்டர் ஐசி இருக்கிறது. 2000-களின் நடுவில் டோனி பார்க்ஸ் என்ற அமெச்சூர் ரேடியோக்காரர் வெளியிட்ட சாஃப்ட்ராக் கிட்டுகள் இந்த அமைப்பைத்தான் ஆயிரக்கணக்கான மேசைகளுக்குக் கொண்டுபோனது.

ஆண்டெனாவுக்கும் சுவிட்சுக்கும் நடுவில் ஒரு காயில், கெப்பாசிட்டர் ஃபில்டரை விட்டுவிடாதீர்கள். சுவிட்ச் திடீரென்று திறந்து மூடுவதால் மூன்று மடங்கு அதிர்வெண்ணையும் அது பிடிக்கும். ஃபில்டர் இல்லையென்றால் 7 மெகாஹெர்ட்ஸில் 21 மெகாஹெர்ட்ஸ்காரரும் வந்து உட்கார்ந்துகொள்வார்.

## சாஃப்ட்வேர் எதைச் செய்கிறது?

கணக்கு. வேறெதுவும் இல்லை, ஆனால் அந்தக் கணக்குதான் அழகு. முதலில், வந்த எண்களில் எந்தெந்த அதிர்வெண் எவ்வளவு பலமாக இருக்கிறது என்று பிரித்துத் திரையில் அருவிபோல ஓடவிடுகிறது. நீங்கள் ஒரு கோட்டைக் கிளிக் செய்தால், அந்தத் துண்டை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைத் தூக்கிப் போடுகிறது. அப்புறம் அந்தத் துண்டிலிருந்து பேச்சைப் பிரித்தெடுக்கிறது, அதற்குப் பெயர் டிமாடுலேஷன்.

ஏஎம் என்றால், விளக்கு மையத்திலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதுதான் பேச்சு: ஐயின் வர்க்கத்தையும் க்யூவின் வர்க்கத்தையும் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் ஒலி வந்துவிடும். எஃப்எம் என்றால், விளக்கின் கோணம் எவ்வளவு வேகமாக மாறுகிறது என்பது பேச்சு. எஸ்எஸ்பி என்ற முறையில் ஒரு திசையில் சுற்றுவதை மட்டும் வைத்துக்கொண்டு எதிர்த்திசையை விட்டுவிட வேண்டும். பழைய ரேடியோவில் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி சர்க்யூட் தேவைப்பட்டது. இங்கே பட்டனை மாற்றினால் சூத்திரம் மாறுகிறது. ஹெச்டிஎஸ்டிஆர், குவிஸ்க், லின்ராட் என்ற சாஃப்ட்வேர்கள் எல்லாமே சவுண்ட் கார்டின் ஐ, க்யூவை நேரடியாக எடுத்துக்கொள்ளும்.

## கட்டிய பிறகு வருகிற வழக்கமான புகார்கள்

ஒரு நிலையம் திரையின் நடுக்கோட்டுக்கு அந்தப் பக்கமும் மங்கலாகத் தெரிகிறது என்றால், ஐயும் க்யூவும் அளவிலோ கோணத்திலோ சரியாகப் பொருந்தவில்லை. கோணத்தில் ஒரு டிகிரி பிசகினாலே பிம்பம் அசலைவிட சுமார் 40 டெசிபெல்தான் (வோல்டேஜில் நூறில் ஒரு பங்கு) குறைவாக இருக்கும், பலமான நிலையத்தின் பிம்பம் பலவீனமான நிலையத்தை மூடிவிடும். சாஃப்ட்வேரில் இதைத் திருத்தும் வசதி இருக்கும், பொறுமையாக நகர்த்திச் சரிசெய்யலாம். பிம்பம் துளியும் குறையாமல் இரண்டு பக்கமும் கண்ணாடிபோல் ஒன்றாக இருந்தால், திருத்திப் பிரயோஜனமில்லை. உங்களுக்கு ஒரு வழிதான் வந்துகொண்டிருக்கிறது. லேப்டாப்களின் மைக் உள்ளீடு பெரும்பாலும் ஒரே வழிதான், லைன்-இன் உள்ள கார்டுதான் வேண்டும்.

நடுக்கோட்டில் எப்போதும் நிற்கிற முள்போன்ற கோடு ஒரு நிலையம் இல்லை, சர்க்யூட்டின் சொந்த இரைச்சல். அதைவிட்டுக் கொஞ்சம் தள்ளி டியூன் செய்யுங்கள். இரைச்சல் நீக்கம், தானியங்கி ஒலி அளவு என்று இயங்குதளம் தருகிற சலுகைகளையெல்லாம் அணைத்துவிட வேண்டும். அவை பேச்சுக்காக எழுதப்பட்டவை, நம் சிக்னலை இரைச்சல் என்று நினைத்து அழித்துவிடும். வெளியே கட்டிய வயரை இடி மழை வருவதற்கு முன்பே கழற்றிவிடுங்கள், இதில் விளையாட்டு வேண்டாம்.

## இதனால் முடியாதது

எஃப்எம் வானொலி. ஒரு நிலையமே கிட்டத்தட்ட 200 கிலோஹெர்ட்ஸ் அகலம், 48-க்குள் எப்படி அடங்கும்? அதற்கு 2012 முதல் பிரபலமான ஆர்டிஎல்-எஸ்டிஆர் என்ற, யூஎஸ்பியில் செருகுகிற டிவி டாங்கிள் இருக்கிறது, சுமார் 2.4 மெகாஹெர்ட்ஸ் அகலத்தை ஒரே நேரத்தில் காட்டும். ஆனால் அது 8 பிட், அதாவது 256 படிகள்தான். பலமான நிலையத்துக்குப் பக்கத்தில் முனகுகிற ஒரு நிலையத்தைப் பிரித்துக் கேட்பதில் 16, 24 பிட் சவுண்ட் கார்டுக்கு ஒரு சாதகம் உண்டு. அகலமா நுணுக்கமா என்பதுதான் கேள்வி, இது பெரிது அது சிறிது என்று சண்டை போடுவதில் அர்த்தமில்லை.

சாமான் வாங்குவதற்கு முன் உங்கள் கார்டை ஒரு தடவை சோதித்துவிடுங்கள். லைன்-இன்னில் இடது வயருக்கு மட்டும் ஏதாவது ஒலியைக் கொடுத்துப் பதிவு செய்து, வலதில் அது வரவில்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். பிறகு வீதத்தை 96,000-க்கு மாற்றி, எதையும் இணைக்காமல் ஸ்பெக்ட்ரத்தை, அதாவது எந்த அதிர்வெண் எவ்வளவு பலம் என்று காட்டும் படத்தைப் பாருங்கள். பின்னணி இரைச்சல் 48 கிலோஹெர்ட்ஸ் வரை ஏறத்தாழ சமமாக ஓடினால் கார்டு சொல்வது நிஜம். 24-ஐத் தாண்டியதும் மலைச்சரிவுபோல விழுந்தால், உள்ளே 48,000-தான் நடக்கிறது, மீதியை இயங்குதளம் இட்டு நிரப்புகிறது.